உட்காரலாமா, கூடாதா? புத்தகமும் நாற்காலியும் வைத்து இன்ஸ்டலேஷன் கட்டுபவர்களுக்கு

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, முன்னால் பிரம்பு பின்னிய சண்டிகர் நாற்காலி இரண்டு, மேலிருந்து மஞ்சள் வெளிச்சம். "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: பார்க்க வருகிறவர் அந்த நாற்காலியில் உட்காரலாமா, கூடாதா?

"அதை அப்புறம் பார்த்துக்கலாமே" என்று பதில் வரும். அப்புறம் பார்க்க முடியாது. உட்காரலாம் என்றால் நாற்காலி எடை தாங்க வேண்டும், அலமாரி கைக்கு எட்ட வேண்டும், புத்தகம் பிரிந்து தாள் உதிராமல் இருக்க வேண்டும், படிக்கிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும். கூடாது என்றால் இந்த நான்கும் தலைகீழாக மாறும். பாதிக் கட்டுமானத்தில் மனசு மாறினால் மரம், கூலி எல்லாம் இரட்டிப்பு.

நான் பாண்டிச்சேரிக்காரி. அப்பா பைண்டிங் கடை வைத்திருந்தார். இப்போது நான் ஓவியக் கண்காட்சிகளுக்கு அரங்க வேலை, மர வேலை எடுத்துச் செய்கிறேன். காகிதம், மரம் இரண்டின் சேட்டையும் ஓரளவுக்குத் தெரியும். இன்ஸ்டலேஷன் என்பது பொருள்களை ஓர் இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தையே கலைப்படைப்பாக்குவது. இது முதல்முறை கட்டப் போகிற கலைஞர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும்.

முதலில் முன்னோடிகளைப் பாருங்கள்

இந்த இரண்டு வழியிலும் பெரிய ஆட்கள் நடந்திருக்கிறார்கள். 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் சோவியத் தரப்பில் அலெக்சாந்தர் ரோத்செங்கோ 'தொழிலாளர் மன்றம்' என்று ஓர் அறையை வைத்தார். நீளமான வாசிப்பு மேசை. அதன் பலகையைச் சாய்த்தால் பத்திரிகை படிக்கலாம், நிமிர்த்தினால் எழுதலாம். சதுரங்கம் ஆட ஒரு மேசை. சிவப்பு, கறுப்பு, சாம்பல், வெள்ளை, இவ்வளவுதான் நிறம். அந்த அறையின் படத்தைப் பார்த்தால் எங்கே உட்கார்ந்து என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உட்காரச் சொல்லும் வழிக்கு எனக்கு இதுதான் பாடப்புத்தகம்.

மறுபக்கம் பெர்லினின் பேபெல் சதுக்கம். 1933 மே 10 அன்று நாஜிகள் புத்தகம் எரித்த இடம். இஸ்ரேலியச் சிற்பி மிக்கா உல்மன் அங்கே 1995-இல் தரைக்கு அடியில் ஓர் அறை கட்டி, மேலே கண்ணாடி பதித்தார். குனிந்து பார்த்தால் வெள்ளை அலமாரிகள், சுமார் 20,000 புத்தகம் கொள்ளும். ஒரு புத்தகம்கூட இல்லை. உள்ளே இறங்க வழி கிடையாது. தமிழ் வாசகர் யாருக்கும் அதைப் பார்த்ததும் 1981-இல் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வராமல் போகாது. வியன்னாவில் பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் 2000-இல் எழுப்பிய, நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான நினைவுச்சின்னம் இன்னும் இறுக்கம்: கான்கிரீட்டில் ஒரு நூலகம், புத்தகங்களின் முதுகு உள்பக்கம், தாள் ஓரம் வெளிப்பக்கம். எந்தப் புத்தகம் என்று தெரியாது. கதவில் கைப்பிடி கிடையாது.

இங்கே தடுப்பதுதான் படைப்பு. அழிந்ததைத் திறந்து படிக்க முடியாது என்பதை உடம்புக்குப் புரியவைக்கிறார்கள். உங்கள் படைப்பில் தடுப்பதற்கு அப்படி ஒரு காரணம் இருந்தால் தடுங்கள். "புத்தகம் அழுக்காகிவிடும்" என்பது காரணம் ஆகாது. அது பராமரிப்புப் பிரச்சினை.

நடுவழியும் உண்டு. பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யிங்கா ஷோனிபாரே 2014-இல் செய்த படைப்பில் 6,328 புத்தகங்களை ஆப்பிரிக்கச் சந்தைகளில் விற்கும் டச்சு மெழுகு அச்சுத் துணியில் சுற்றி, பலவற்றின் முதுகில் பிரிட்டனுக்குக் குடியேறியவர்களின் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்தார். யாரும் அந்தப் புத்தகங்களைத் திறப்பதில்லை, ஆனால் முதுகுகளைப் படித்துக்கொண்டே மணிக்கணக்கில் நடக்கலாம். தில்லியைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் தேக்கில் மடிப்புத் தட்டிகள் செய்து, அவற்றில் புகைப்படங்களைச் செருகி, வரிசையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். அரங்கமே புரட்டக்கூடிய புத்தகமாகிறது. உட்கார முக்காலியும் உண்டு. மர வேலை தெரிந்தவர்கள் அவருடைய கீல்களையும் மூலைகளையும் பார்த்தே நிறையக் கற்கலாம்.

நாற்காலி

எல்லோரும் சண்டிகர் நாற்காலி கேட்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது; அதுதான் சண்டிகர். அதை வடிவமைத்த சுவிஸ்-பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவின் உறவினர் பியேர் ஜான்னரே 1951-இல் வந்து 1965 வரை அங்கேயே இருந்தார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேசை நாற்காலி வேண்டும். கிடைத்தது தேக்கு, பிரம்பு, உள்ளூர்த் தச்சர்கள். அதற்கேற்ற வடிவத்தை அவரும் யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைந்தார்கள். பல பட்டறைகளில் செய்ததால் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்காது. பின்னாளில் உடைந்தவை மொட்டை மாடியில் குவிந்து, கழிவுச் சாமானாக ஏலம் போய், ஐரோப்பிய வணிகர்கள் கைக்குச் சென்று, பாலிஷ் ஏறி, கொள்ளை விலைக்கு விற்றன. அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013-இல் இந்தப் பயணத்தைப் பின்னிருந்து முன்னாகப் படமாக்கினார்: வெளிநாட்டுப் பணக்கார வீடுகளில் தொடங்கி, ஏலக்கூடம், கப்பல் என்று பின்னோக்கி வந்து சண்டிகர் அலுவலகங்களில் முடியும். அப்புறம் அந்தப் படத்தையே லண்டனில் ஏலத்தில் விட்டார். இந்த நாற்காலியை வைத்து இன்ஸ்டலேஷன் செய்யும் எவரும் இதை ஒருமுறையாவது தெரிந்துகொண்டு ஆரம்பிக்கணும் என்பேன்.

அசலைத் தேடி அலையாதீர்கள். சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கவோ ஏலம் விடவோ வெளிநாடு அனுப்பவோ கூடாது என்று 2011-இல் மத்திய உள்துறை உத்தரவிட்டது. சந்தையில் "அசல்" என்று வெள்ளைப் பெயின்ட்டில் அலுவலக எண் எழுதிய நாற்காலிகள் வரும். எண் எழுதுவதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். நகலைச் செய்யுங்கள், விவர அட்டையில் நகல் என்றே எழுதுங்கள். செய்த தச்சரின் பெயரையும் போடுங்கள்.

செய்யும் முறை. முதலில் 6 மில்லி பிளைவுட்டில் பக்கச் சட்டத்தை முழு அளவில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். இந்த நாற்காலியின் உயிர் அந்தப் பக்கச் சட்டம்தான்: முன்காலும் பின்காலும் கவராயத்தை விரித்து நிறுத்திய மாதிரி மேலே சேர்ந்து, கீழே அகலும். ஆசாரி நூல் கணக்கில்தான் பேசுவார், இஞ்சுக்கு எட்டு நூல். அவரிடம் சென்டிமீட்டரில் வரைபடம் கொடுத்தால் மனசுக்குள் மாற்றும்போதே ஒரு நூல் போய்விடும். சாய்ந்த காலில் ஒரு நூல் போனாலும் நாற்காலி தரையில் ஆடும். அதனால் முழு அளவு அச்சைக் கொடுங்கள், அவர் அதை மரத்தின்மேல் வைத்துக் கோடு போடட்டும்.

எங்கள் ஆசாரி முதல் சட்டத்தைக் கூட்டி நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"பாப்பா, இது தாலுக்கா ஆபீஸ் நாற்காலி மாதிரி இருக்கே."

"ஆபீஸ் நாற்காலிதான் மாமா."

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

அதற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இணைப்பைப் பார்த்ததும் அவரே சமாதானமாகிவிட்டார். உட்காருகிறவரின் பாரம் சாய்ந்த கால்களில் பக்கவாட்டில் தள்ளும், ஆகவே துளையும் அதில் செருகும் கழுந்தும் சாய்வுக்கு ஏற்ற கோணத்தில் வெட்டப்பட வேண்டும். ஆணி, திருகு வைத்து ஒப்பேற்றினால் நாலு நாளில் கிறீச்சிடும். கழுந்தின் நீளம் ஒன்றே கால் இஞ்சுக்குக் குறையக் கூடாது. பசை போட்டு, கிளாம்ப் பிடித்து, ஒரு ராத்திரி விடுங்கள். இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 17 இஞ்ச், அதோடு போகும் வாசிப்பு மேசை 29 இஞ்ச் என்று வைத்தால் நம் ஊர் உடம்புக்குச் சரியாக வரும்.

மரத்துக்கு, இடித்த வீட்டுத் தேக்கு விற்கும் கடைகளைப் பாருங்கள். ஐம்பது அறுபது மழை பார்த்துக் காய்ந்த மரம் இனிமேல் முறுக்காது. வாங்கும்போது ஒரு காந்தத்தை மரத்தின்மேல் ஓட்டுங்கள். உள்ளே பழைய ஆணி இருந்தால் இழைப்புளியின் தகடு போய்விடும். முடிவுக்கு மைக்கா பளபளப்பு வேண்டாம். உப்புத்தாள் 220 வரை போட்டு, மெழுகோ எண்ணெயோ தேய்த்தால் போதும்.

பிரம்பு விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். யாரும் உட்காரப் போவதில்லை என்றால் ரோலில் வரும் ரெடிமேட் வலையைக் காடியில் அழுத்தி ஒட்டிவிடலாம், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உட்காருவார்கள் என்றால் கையால் பின்னியதுதான் நிற்கும். சட்டத்தைச் சுற்றி அரை இஞ்சுக்கு ஒரு துளை. பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்புப் பக்கம் மேலே வரும்படி இரண்டு நேர், இரண்டு குறுக்கு, இரண்டு மூலைவாட்டு என்று ஆறு ஓட்டம். ஈரத்தில் தளர்ந்த மாதிரி இருக்கும், காய்ந்ததும் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு இறுகும். நாற்காலி பின்னல் நம் நாட்டில் பார்வையற்றோர் பயிற்சியில் நெடுங்காலமாக ஒரு தொழில்; அரசு அலுவலக நாற்காலிகள் எத்தனையோ அவர்கள் கைபட்டவை. அப்படி ஒருவர் கிடைத்தால் அவரிடமே கொடுங்கள். அவர் விரல் நுனியில் இழுக்கும் இறுக்கம் கண் பார்த்துப் பின்னுகிற எனக்கு வரவே வராது.

ஒரு பக்கக் குறிப்பு. பாண்டிச்சேரியிலோ சென்னையிலோ கட்டுகிறவர்கள் ஏன் சண்டிகர்வரை போகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் கோல்கொண்டே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம். கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்தது. ஜார்ஜ் நகஷிமா 1937-இல் இங்கே வந்து கட்டுமானத்தைக் கவனித்து, ஆசிரமவாசியாகவே ஆகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். திறந்து மூடும் கான்கிரீட் தட்டிகள், தேக்குச் சறுக்குக் கதவுகள், அறைகளுக்கு அவரே வடிவமைத்த தேக்குச் சாமான்கள். உலகப் புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞராக நகஷிமா பின்னால் ஆனதற்கு இது ஒரு தொடக்கம். 1964-இல் மறுபடி இந்தியா வந்து ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தங்கி வடிவங்கள் செய்துகொடுத்தார். சண்டிகரை நகலெடுப்பதைவிட, இந்த வழியில் அலங்காரம் இல்லாத ஒரு தேக்கு மேசை செய்தால் உங்கள் படைப்புக்கு ஊர் என்று ஒன்று இருக்கும்.

அலமாரியும் தரையும்

அழகைவிட எடைதான் இங்கே எஜமான். டெம்மி அளவுத் தமிழ்ப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் ஓர் அடி நீளத்துக்கு 8 முதல் 10 கிலோ வரும். 18 மில்லி பிளைவுட் தட்டு என்றால் இரண்டரை அடிக்குமேல் தாங்கு இல்லாமல் விடாதீர்கள், நடுவில் தொங்கிவிடும். மூன்றடி வேண்டும் என்று கலைஞர் அடம்பிடித்தால், தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை இஞ்ச் தேக்கு ரீப்பரை நிறுத்தி ஒட்டுங்கள். ஆழம் 8 இஞ்ச் போதும். டெம்மி அகலம் ஐந்தரை இஞ்ச்தான். 12 இஞ்ச் ஆழம் வைத்தால் புத்தகம் உள்ளே போய் நிழலில் மறையும், மரமும் வீண்.

இப்போது தரை. மூன்றடி அகலம், ஏழடி உயரம், ஆறு தட்டு. ஆறு மூன்று பதினெட்டு அடிப் புத்தகம், அடிக்கு 9 கிலோ என்றால் 162 கிலோ. மரம் ஒரு 40 கிலோ. ஆழம் 8 இஞ்ச் என்பதால் இந்த 200 கிலோ நிற்பது இரண்டு சதுர அடியில். சதுர மீட்டருக்கு மாற்றினால் 1,000 கிலோவைத் தாண்டும். சாதாரண வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுவார்கள். நூலக அடுக்கு அறைக்கு இந்தியத் தர அளவு சொல்வது அதன் மூன்று மடங்கு. ஓர் அலமாரி நின்றால் தளம் இடிந்துவிடாது, பாரம் சுற்றுப்புறத்துக்குப் பரவும். ஆனால் பழைய வீட்டை கேலரியாக மாற்றிய இடங்களில், அதுவும் மாடியில், வரிசையாகப் பத்து அலமாரியை அறையின் நடுவே நிறுத்துவது விளையாட்டல்ல. மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய பாணிக் கூரை என்றால் கட்டடப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியைக்கூட மேலே ஏற்றாதீர்கள். சுவரோரமாக, உத்தரத்துக்குக் குறுக்காக நிறுத்துங்கள். ஒவ்வொரு அலமாரியையும் எல்-ஆங்கிள் போட்டுச் சுவரில் பிடித்துவிடுங்கள்; குழந்தைகள் ஏறத்தான் ஏறுவார்கள்.

உயரம் மறுபடி அதே கேள்விக்கு வருகிறது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்பாட்டுக்கே என்பது. தரையில் நிற்கிறவர் கைக்கு எட்டாத தட்டு அந்த விதிக்கு எதிரி. உட்கார்ந்து படிக்கச் சொல்லும் படைப்பில் மேல் தட்டு ஆறு அடியைத் தாண்டக் கூடாது, கீழ்த் தட்டு தரையிலிருந்து ஓர் அடியாவது மேலே. எட்டாமல் இருப்பதுதான் கரு என்றால் பதினைந்து அடிவரை போங்கள், யார் கேட்பது? இரண்டுங்கெட்டானாக ஒன்பது அடியில் நிறுத்தி ஓர் ஏணியைச் சாத்திவைப்பதுதான் எனக்குப் பிடிக்காத ஒன்று. ஏணி படத்தில் நன்றாக விழும். ஏற யாரையும் விடமாட்டார்கள்.

அலமாரிக்கும் நாற்காலிக்கும் இடையில் மூன்றடி விடுங்கள். சக்கர நாற்காலி போகும், குனிந்து கீழ்த்தட்டைப் பார்க்கிறவர் முதுகும் இடிக்காது.

புத்தகம்

ஒரு ஓட்டல்காரர் நீல முதுகுப் புத்தகம் பன்னிரண்டு அடி, பழுப்பு பத்து அடி என்று கேட்டு வந்தார். மரியாதையாக அனுப்பிவைத்தேன். நிறம் பார்த்து அடுக்கினால் அது வால்பேப்பர். கலைப்படைப்பில் புத்தகங்களுக்குள் ஒரு சம்பந்தம் இருக்கணும், அதை வருகிறவர் தானே கண்டுபிடிக்கணும். ஓய்வுபெற்ற ஒரே ஆசிரியரின் முழுச் சேகரம். ஒரு கிளை நூலகம் கழித்துக்கட்டிய புத்தகங்கள், இரவல் தேதிச் சீட்டோடு. ஒரே ஊரில் அச்சானவை. இப்படி ஏதாவது. தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1994 என்று இருந்தால், அந்தப் புத்தகத்தின் பக்கத்தில் விளக்கக் குறிப்பு எதுவும் தேவையில்லை.

வாங்க, பழைய பேப்பர் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எடைக்குப் போட வரும் புத்தகங்களை ஒதுக்கி வைப்பார்கள், கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும். சென்னையில் பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் அங்கிருந்த கடைகள் பல சென்ட்ரலுக்குப் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். அரிய பதிப்பு ஏதாவது அகப்பட்டால் அதை இன்ஸ்டலேஷனில் வைக்காதீர்கள், ஓர் ஆய்வு நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

எடுத்து வந்ததும் அரங்கத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். வராந்தாவில் வைத்து ஒவ்வொன்றையும் முதுகு மேலாகப் பிடித்து உதறுங்கள். ராமபாணப் பூச்சி ஓடும், சில சமயம் கரையான் மண் உதிரும். கரையான் தென்பட்ட கட்டு அப்படியே வெளியே. மற்றவற்றைப் பாலிதீன் பையில் காற்று போக மூடி, ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் மாதிரியான மைனஸ் 18, மைனஸ் 20 டிகிரி பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். பூச்சியும் முட்டையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். ஈரம் பைக்கு வெளியேதான் கோக்கணும், தாளில் அல்ல. அந்துருண்டை, வசம்பு எல்லாம் வருகிற பூச்சியை யோசிக்கவைக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. மூடிய அறையில் அந்துருண்டை வாசனையோடு அரைமணி உட்கார்ந்து படிக்கவும் முடியாது.

கையில் எடுப்பார்கள் என்றால் பைண்டிங்கைப் பாருங்கள். எண்பதுகளின் மலிவுப் பதிப்புகளில் முதுகுப் பசை காய்ந்திருக்கும். விரித்ததும் தாள்கள் கட்டுக் கட்டாகக் கழன்று வரும். அவற்றை நூல் போட்டுத் தைத்துக் காலிக்கோ துணி பைண்டிங் செய்துவிடலாம், உள்ளூர் பைண்டர் எவரும் செய்வார். பசைக்கு மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் வெள்ளை போய்த் தெளியும்வரை கிண்ட வேண்டும். அப்பா கடையில் அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது என்று. அது விஷம், விரலை எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற ஊரில் அதைத் தவிர்ப்பது நல்லது. அட்டையைத் துணியால் சுற்றுகிறவர்கள் பசையைத் துணியில் தடவாமல் அட்டையில் தடவுங்கள், கறை மேலே வராது. புத்தகத்தைத் துளைபோட்டுக் கம்பியில் கோப்பது, அறுப்பது, சிமென்டில் பதிப்பது எல்லாம் சிலர் செய்கிறார்கள். காரணம் இருந்தால் செய்யட்டும். என் பட்டறையில் நான் செய்து தருவதில்லை.

வெளிச்சமும் ஈரமும்

பழைய தாளுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் அளவு 50 லக்ஸ். படிக்க வசதியான வெளிச்சம் 300 லக்ஸ். இரண்டும் ஒரே இடத்தில் நடக்காது. பார்க்க மட்டும் என்றால் 50-இல் நிறுத்தி, அறை முழுவதையும் இருட்டாக்குங்கள், கண் பழகிவிடும். படிக்க என்றால் அலமாரிக்கு மங்கலாக விட்டு, மேசைக்கு மட்டும் தனி விளக்கு. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செய்த மேசைகளில் விளக்கு மேசையோடு சேர்ந்தே நடுவில் நிற்கும்; அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம். 3000 கெல்வின் எல்.இ.டி., நிறம் காட்டும் திறன் 90-க்குமேல். வெயில் நேரே விழும் ஜன்னலில் யூ.வி. படலம் ஒட்டுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குமேல் சாதாரணமாக நிற்கும். 65-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பகலில் ஏசியைப் போட்டு ராத்திரி அணைப்பதுதான் மிக மோசம்: குளிர்ந்த தாள்மேல் வெளிக்காற்றின் ஈரம் வந்து உட்காரும். ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓடட்டும், இல்லையென்றால் ஏசியே வேண்டாம், ஜன்னலும் மின்விசிறியும் போதும். மூன்று நான்கு வாரக் கண்காட்சிக்கு இரண்டாவதே சரி, பிரம்புக்கும் அது நல்லது. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் இஞ்ச் காற்றோட்டம் விடுங்கள்.

திறந்த பிறகு

உட்காரலாம் என்று எழுதி வைத்தாலும் நம் ஆட்கள் உட்கார மாட்டார்கள். கேலரி என்றாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகியிருக்கிறோம். பலகை வைப்பதைவிட, நாற்காலியை மேசையிலிருந்து ஓர் அடி பின்னுக்கு இழுத்து, கொஞ்சம் திருப்பி வையுங்கள். மேசைமேல் ஒரு புத்தகம் விரிந்து கிடக்கட்டும். பாதுகாவலருக்குச் சீருடையும் தனி ஸ்டூலும் வேண்டாம், அவரும் அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து ஏதாவது படிக்கட்டும். ஒருவர் உட்கார்ந்திருந்தால் அடுத்தவர் உட்காருவார். தினமும் சாயங்காலம் நாற்காலிகளை ஆட்டிப் பார்த்து, தளர்ந்த இணைப்பை அன்றைக்கே ஒதுக்குங்கள். புத்தகங்களில் சில காணாமல் போகும். முதல் பக்கத்தில் கண்காட்சியின் பெயரை ரப்பர் ஸ்டாம்ப் அடித்துவிட்டு, போனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கலைக்கும் நாளுக்கு முன்பே புத்தகங்கள் எங்கே போகும் என்று பேசி முடித்திருக்க வேண்டும். கிளை நூலகங்கள் எல்லாவற்றையும் எடுக்காது. பட்டியலை அனுப்பித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கு 15 கிலோவுக்குமேல் நிரப்பாதீர்கள், தூக்குகிற ஆளின் இடுப்பு முக்கியம். பெட்டியில் தட்டு எண்ணை எழுதுங்கள், வேறு ஊரில் மறுபடி நிறுத்தும்போது பாதி நாள் மிச்சம். பிரம்பு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்க்காதீர்கள், கால் நுனி வலையைக் கிழித்துவிடும். இருக்கைக்கு அட்டை வெட்டிப் போட்டு, நிமிர்த்தியே கட்டி, லாரியில் கடைசியாக ஏற்றுங்கள். ஏற்றுக்கூலி பேசும்போதே புத்தகம் என்றும், எத்தனை மாடி என்றும் சொல்லிவிடுங்கள். மரச்சாமான் என்று மட்டும் சொல்லி அழைத்தால், பெட்டிகளைப் பார்த்ததும் கூலி வாசலில் நின்றே ஏறும்.